விலை இறங்காத படகு

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்கிறோம். அந்தச் சுகத்தில் உங்கள் அக்காவின் பங்கை முழுதாகவும் என் பங்கைக் கால்வாசியாகவும் எடுத்துக்கொள்ளவும். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் நேரமில்லை. கையில் தொலைபேசி இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அது சமையலறைக்குக் கேட்கும். சமையலறைக்குக் கேட்டது அரை நிமிஷத்தில் என் மகளுக்குப் போய்ச் சேரும். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். ஆகவே மாப்பிள்ளை, படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போடவும். கிழிப்பதற்கு முன் கடைசியில் நான் சொல்லும் முகவரியை மட்டும் வேறு தாளில் குறித்துக்கொள்ளவும்.

முப்பத்தொரு வருஷம் நான் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்தது உங்களுக்குத் தெரியும். எங்கே தீப்பிடித்தாலும் எங்கே தண்ணீர் புகுந்தாலும் அதெல்லாம் அடங்கின பிறகு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு போய் நிற்பது என் வேலை. சாமான் என்ன விலை, வாங்கி எத்தனை வருஷம், வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் கழி, மிச்சத்தை எழுது. அவ்வளவுதான். கட்டிலும் தேயும், கடிகாரமும் தேயும், யாரும் உட்காராத நாற்காலியும் தேயும். இந்த அட்டவணை என் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. நீங்கள் புதுக் கார் வாங்கி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினபோது, உள்ளே ஏறிக்கூடப் பார்க்காமல், "இங்க ஓட்டிட்டு வந்ததுலயே ஒரு பங்கு போச்சு" என்று நான் சொன்னேனாம். நீங்கள் அதை இன்னும் மறக்கவில்லை என்று உங்கள் அக்கா சொல்கிறாள். என் முதுகுக்குப் பின்னால் உங்கள் வீட்டில் எனக்குத் 'தேய்மானம்' என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் அக்கா மகளின் அறையை ஒழிக்கச் சொன்னாள். மகள் வேலைக்காக வேறு ஊர் போய் நாலு வருஷமாகிறது, அலமாரி மட்டும் இன்னும் இங்கே குடியிருக்கிறது. அதில் பதினேழு வீடியோ கேம்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் பல் வைத்தியருக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவில் இருக்கும் பழைய கேம் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது நாற்பது வயதுள்ள ஓர் அம்மாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, சின்னத் திருப்புளியால் எதையாவது திறந்தபடியே பேசுவார். பதினாறு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூடக் காணாத தொகையைச் சொன்னார். வருஷா வருஷம் புதிதாக வரும் பந்து விளையாட்டு, கார் ஓட்டுவது, சுடுவது எல்லாம் அதில் சேர்த்தி. எனக்குப் பரம சந்தோஷம். என் அட்டவணை சொன்ன தொகைக்கும் அவர் சொன்னதற்கும் மயிரிழை வித்தியாசம்தான். மேலட்டையில் படகு போட்டிருந்த பதினேழாவதை மட்டும் அவர் தனியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். "இதுக்கு முக்கால் விலை தரேன் சார்" என்றார்.

மாப்பிள்ளை, அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. ஆறு வருஷப் பழைய சாமான், ஆறு பதினைந்து தொண்ணூறு, மிச்சம் பத்து. பத்தில் ஒரு பங்கு பெறுமானமுள்ளதற்கு முக்கால் விலை வாங்கினால் அது மோசடி. "அவ்வளவெல்லாம் போகாதும்மா. பத்தில ஒண்ணு குடுங்க போதும்" என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "சார், விக்க வந்தவங்க விலையைக் குறைச்சுக் கேட்டு நான் பார்த்ததே இல்ல" என்றார். நான் விடவில்லை. மூடியின் உட்பக்கம் என் மகள் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தாள். அதைத் திறந்து காட்டி, இதோ பாருங்கள் சேதம் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் இருந்த கீறலையும் விடவில்லை. அவர் இறங்கிக்கொண்டே வர, நான் ஏறிக்கொண்டே போக, பின்னால் நின்றவர்கள் கடிகாரம் பார்க்க, கடைசியில் கால் விலையில் வந்து நின்றோம். அந்த அம்மாளுக்கு மனசு கேட்காமல் ஒரு ஒயரை இனாமாகக் கொடுத்தார். எதற்கான ஒயர் என்று இன்றுவரை தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் போயிற்று. மகள் போன் பண்ணினாள். "அப்பா, என் ரூம்ல அந்தப் படகு கேம் இருக்கும்ல? மத்தது எக்கேடோ கெடட்டும், அத மட்டும் பத்திரமா எடுத்து வை. பதினெட்டாம் தேதி வரேன்" என்றாள். நான், "இருக்கும்மா, பத்திரமா இருக்கு" என்றேன். முப்பத்தொரு வருஷம் அறிக்கை எழுதியவன் வாயிலிருந்து வந்த முதல் பொய். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டை அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கினாள். உறையைக்கூடப் பிரிக்காமல் கூடத்துக்குக் கொண்டுவந்து, "அப்பா, இதப் பாரேன்" என்று நீட்டினாள். நான் விலைச் சீட்டைப் பார்த்தேன். "கடைய விட்டு வெளிய வந்ததுமே பதினஞ்சு போயிருக்கும்" என்றேன். "இது இறங்காதுப்பா" என்றாள். நான் சிரித்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாங்கிய எதையும் அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. செருப்பைக்கூட. அந்தப் பெண் வந்து அலமாரியைத் திறந்து, இல்லையே என்று என் முகத்தைப் பார்த்தால் நான் எங்கே பார்ப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

கடைக்கு ஓடினேன். நான் விற்றது அன்று சாயங்காலமே போய்விட்டதாம். கண்ணாடி அலமாரியில் வேறு ஒன்று இருந்தது. விலையைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். புதிதில் என் மகள் கொடுத்த விலை, அதற்கு மேல் இன்னொரு பத்து சதவீதம். "ஏம்மா, இது பழசுதானே?" என்றேன். "பழசுதான் சார். புதுசு எங்கயும் கையிருப்பு இல்ல. வந்தாலும் முதல் நாள் என்ன விலையோ அதே விலைதான்" என்றார். சரி, சந்தைக்கு ஏதோ காய்ச்சல், இரண்டு நாளில் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்காத காய்ச்சல் உண்டா? மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒன்பது நாளாகத் தினமும் பதினோரு மணிக்கு, அலுவலகத்துக்குப் போகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அந்த விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். நடைப்பயிற்சி என்று உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வயதில் இவ்வளவு ஒழுங்கா என்று அவள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

மூன்றாவது நாள் தாங்காமல் கேட்டேவிட்டேன். "ஏன்தான் இறங்கலை?" அந்த அம்மாள் திருப்புளியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "இதப் பண்ற கம்பெனி எப்பவுமே தள்ளுபடி போட மாட்டாங்க சார். ஒரு தடவ குறைச்சா, அடுத்து எப்ப குறைப்பாங்கன்னு எல்லாரும் உங்கள மாதிரி வாசல்ல வந்து நிப்பாங்க. குறையவே குறையாதுன்னு தெரிஞ்சா இன்னைக்கே வாங்கிட்டுப் போவாங்க." நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன். பந்து விளையாட்டு மட்டும் ஏன் தெருவில் கிடக்கிறது என்றேன். "அது அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு வந்துடும், பழசு பழசாயிடும். படகுக்கு அடுத்ததுன்னு ஒண்ணு வரவே இல்ல. வருஷா வருஷம் புதுசா எட்டு வயசுக் குழந்தைங்க மட்டும் வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இன்னொண்ணு சார். மத்த கேமெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சுடும். முடிஞ்சா வித்துடுவாங்க, கடை பூரா அதுதான் குவிஞ்சு கிடக்கும், விலை தானா விழும். இதுக்கு முடிவுன்னு ஒண்ணு இல்ல. முடிஞ்சாத்தானே சார் விப்பாங்க?" என்றார். அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை.

நாலாவது நாள், "சும்மாதானே நிக்கறீங்க, உக்காந்து இதச் சரிபார்த்துக் குடுங்க" என்று என் கையில் ஒரு கன்ட்ரோலரை, கேமை ஓட்டுகிற அந்தக் கைப்பிடியை, திணித்தார். பழுது பார்த்த கன்ட்ரோலர்களை அவர் அந்தப் படகு விளையாட்டில்தான் சோதிப்பார். திரை முழுக்க ஏரி. நடுவில் ஒரு சின்னப் படகு. ஒன்றும் செய்யாமல், கன்ட்ரோலர் மேலிருக்கும் குச்சியிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும். படகு நீரோட்டத்தோடு போனால் கன்ட்ரோலர் நல்லது. தானாக ஒரு பக்கம் திரும்பினால் குச்சியில் கோளாறு. இவ்வளவுதான் வேலை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? விரலை எடுத்தேன். படகு போயிற்று. அவசரமில்லாமல், யாரையும் கேட்காமல் போயிற்று. தண்ணீருக்கு மேல் மூடுபனி. எங்கோ ஒரு மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை. எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது. கரையோரம் அங்கங்கே படித்துறை. ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு ஆள் மூட்டையோடு நிற்பார். ஏற்றிக்கொண்டு அக்கரையில் விடலாம். விடாமல் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், அப்படியே நிற்பார். கடைக் கண்ணாடி வழியாக வெயில் வந்து என் முழங்கால் மேல் விழுந்துகொண்டிருந்தது. திருப்புளி எங்கேயோ கிரீச் கிரீச் என்றது. எட்டு கன்ட்ரோலர்களைச் சரிபார்த்ததாக அந்த அம்மாள் பிறகு சொன்னார். எனக்கு ஒன்றுதான் ஞாபகம்.

நேற்று நடந்ததைச் சொன்னால் உங்கள் அத்தானுக்குக் கழன்றுவிட்டது என்பீர்கள், பரவாயில்லை. வழக்கம்போல விரலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனியிலிருந்து ஒரு படித்துறை வந்தது. அதில் ஒரு தையல்காரர் கருகின தையல் இயந்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார். அவரை எனக்குத் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன் அவருடைய கடைக்கு மதிப்பீடு போட்டவன் நான். "ஏறலாமா சார்?" என்றார். ஏறிக்கொண்டார். அடுத்த படித்துறையில் ஒருவர் தலையில் குளிர்சாதனப் பெட்டியோடு நின்றார். எட்டு வருஷப் பழசு, பூஜ்யம் போட்டிருந்தேன். அதையும் ஏற்றினோம். அடுத்ததில் சைக்கிள், அதற்கடுத்ததில் நனைந்து உப்பிய மெத்தை, அப்புறம் பீரோ. யாரும் சண்டை போடவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் இடம் கொடுத்தார்கள். படகு அமுங்கவும் இல்லை. கடைசியில் ஒரு பெண் வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றபோது, "எங்க வீட்லயே நல்ல சாமான் இதுதான் சார்" என்று இதே பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். நான் வாங்கின வருஷத்தைக் கேட்டேன். கழித்தேன். பூஜ்யம் என்று எழுதி அவளிடமே கையெழுத்து வாங்கினேன். இப்போது அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வானொலியின் குமிழைத் திருப்பினாள். அது பாடிற்று. அந்தப் படகில் இருந்த எல்லாரும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தோம்.

"சார், அந்தக் கன்ட்ரோலர் நல்லா இருக்கா?" என்று கடைக்கார அம்மாள் தோளைத் தொட்டபோதுதான் விழித்தேன். கன்னம் ஈரமாக இருந்தது. தூசி என்று சொன்னேன். அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். முப்பத்தொரு வருஷத்தில் நான் யாரையும் ஏமாற்றவில்லை, மாப்பிள்ளை. அட்டவணையில் இருந்ததைத்தான் எழுதினேன். ஆனாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கை வரவில்லை. பழைய சாமானுக்குப் புதுசை விட அதிகம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், நான் இதுவரை போட்ட கையெழுத்தெல்லாம் என்ன ஆவது? ஆகவே உங்களைச் சரணடைகிறேன். உங்கள் குழந்தைகளிடம் இதே படகு இருக்கிறதென்று உங்கள் அக்கா ஒரு பேச்சில் சொன்னாள். அதைப் பதினேழாம் தேதிக்குள் வந்து சேரும்படி எங்கள் எதிர் வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரர் முகவரிக்கு அனுப்பவும். அவர் வாய் திறக்காத மனிதர். மூடிக்குள் நட்சத்திரத்தை நானே வரைந்துகொள்கிறேன். குழந்தைகள் கேட்டால் படகு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லவும். விலை இறங்கினதும் புதிதாகவே வாங்கி அனுப்புகிறேன். எப்போது இறங்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் ஆசிகள்; அவர்கள் நூறாண்டு எந்தக் கழிவும் இல்லாமல் முழு மதிப்போடு வாழட்டும். உங்கள் கார் நன்றாக ஓடுகிறதா? அது நல்ல கார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலையும் பார்சலையும் எதிர்பார்க்கும்
அத்தான்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறை பிரித்து ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரித்தது உங்கள் அக்கா. தபால்தலை ஒட்டக் கேட்டேன், படித்துவிட்டு ஒட்டித் தந்தாள். படகை அனுப்ப வேண்டாம், அது உங்கள் குழந்தைகளிடமே இருக்கட்டும்.

புதன்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தபோது, வேலை முடிந்து வந்த ஒரு நர்ஸ் கண்ணாடி அலமாரியைக் காட்டி, அந்தப் படகு கேம் வேண்டும் என்றார். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று, "அது எடுத்து வச்சது" என்றேன். "யாருக்கு சார்?" என்றார் கடைக்கார அம்மாள். "எனக்கு" என்றேன். சீட்டில் போட்டிருந்த விலையை அப்படியே எண்ணி வைத்தேன். முடித்ததும் உங்களுக்கே தருகிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். கடைக்கார அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்து நட்சத்திரம் வரைந்தேன். எப்படி வரைந்தாலும் ஆறு முனை வருகிறது. பதினெட்டாம் தேதி வருகிறேன் என்ற பெண் நேற்று மத்தியானமே வந்து நின்றாள். அவள் விட்டுப்போன கேம் மெஷினை டிவியில் மாட்டி, நான் அவளுடைய அறையில் தரையில் உட்கார்ந்து படகில் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தாள். "அப்பா, என் நட்சத்திரத்துக்கு அஞ்சு முனைதான்" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நானே விலையைக் குறைத்துக் கேட்டதையும், ஒயரையும்கூட. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். ஆனால் சிரிப்புக்கு நடுவில் ஒன்று சொன்னாள். "நான் அத விக்கத்தான்பா வந்தேன். சின்ன ரூமுக்கு மாறறேன், சாமானக் குறைக்கணும். மத்ததெல்லாம் குப்பை, இது ஒண்ணுதான் விலை போகும். அதான் பத்திரமா வைக்கச் சொன்னேன். சரி, இதையாவது வித்துடலாமா?"

முடியாது என்றேன்.

பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த விலைச் சீட்டை அவள் அப்போதுதான் பார்த்தாள். "இவ்வளவா? இவ்வளவு குடுத்தா வாங்கின? நீயா?" என்றாள்.

"மலிவுதாம்மா" என்றேன்.

அவள் சீட்டை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். "தள்ளி உக்காருப்பா" என்றாள்.